மலை ஊற்றிலிருந்து தெருக்குழாய் வரை: ரோமானியர்கள் நகரங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த விதம்

பம்பும் மின்சாரமும் இல்லாத காலத்தில், பல லட்சம் பேர் வாழ்ந்த ரோம் நகரத்துக்கு அறுபது, எழுபது, தொண்ணூறு கிலோமீட்டர் நீளமான கால்வாய்களில் தண்ணீர் எப்படி வந்து சேர்ந்தது, படங்களில் பார்க்கும் அந்தப் பிரம்மாண்டமான வளைவுப் பாலங்கள்தான் அதன் சூட்சுமமா என்பது கேள்வி. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடிவந்தது, பாலங்கள் அந்த ஏற்பாட்டில் ஒரு சிறிய பகுதிதான் என்று இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் உண்மையிலேயே கடினமாக இருந்த இரண்டு வேலைகள் மறைந்துபோகும். ஒன்று, பல பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கு வாட்டம் பிசகாமல் பார்த்துக்கொண்டது. மற்றொன்று, கட்டி முடித்த பிறகு தலைமுறை தலைமுறையாக அதை நிற்காமல் ஓடவைத்தது. என்னைக் கேட்டால், ரோமானியர்களின் திறமை வளைவுகளில் தெரிவதைவிட இந்த இரண்டிலும்தான் அதிகம் தெரிகிறது.

முதலில் வளைவுகளைப் பற்றிய எண்ணத்தைச் சரிசெய்துகொள்வோம். ரோம் நகருக்குக் காலப்போக்கில் 11 பெரிய நீர்க்கால்வாய்கள் அமைந்தன. முதலாவதான அக்வா அப்பியா கி.மு. 312-இல் கட்டப்பட்டது, கடைசியான அக்வா அலெக்ஸாண்ட்ரினா கி.பி. 226-இல். அப்பியாவின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ முழுவதும் நிலத்துக்கு அடியிலேயே சென்றது. கி.மு. 144-க்கும் 140-க்கும் இடையில் குவின்டஸ் மார்சியஸ் ரெக்ஸ் கட்டிய அக்வா மார்சியா சுமார் 91 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் தரைக்கு மேல் வளைவுகளில் சென்ற தூரம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். மற்றதெல்லாம் மலைச்சரிவை ஒட்டி வெட்டி, கல் பதித்து, மேலே மூடி, மண் தள்ளப்பட்ட கால்வாய். நிலத்தடியில் சென்றால் செலவு குறைவு, வெயிலில் நீர் சூடாகாது, குப்பை விழாது, பகைவன் எளிதில் கண்டுபிடித்து உடைக்க முடியாது. அப்படியானால் நகரை நெருங்கும்போது மட்டும் ஏன் வளைவுகள் ஏறி நிற்கின்றன? ரோமைச் சுற்றியுள்ள சமவெளி தாழ்வானது, நகரமோ குன்றுகளின் மேல் அமைந்தது. சமவெளியைக் கடக்கும்போது மட்டத்தை இழந்துவிட்டால் தண்ணீர் குன்றின் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதனால்தான் கடைசிச் சில கிலோமீட்டர்களில் கால்வாயைத் தூண்களின் மேல் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இவை எதையும் ரோமானியர்கள் முதன்முதலாகக் கண்டுபிடித்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அசீரிய மன்னன் சென்னாகரிப் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்வான் என்னுமிடத்தில் கல்லால் ஆன தொட்டிப்பாலம், அதாவது கால்வாயைச் சுமந்து செல்லும் பாலம், கட்டியிருக்கிறான். கிரேக்கத் தீவான சாமோஸில் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் யூபாலினோஸ் என்பவர் ஒரு மலையை இரு பக்கமும் குடைந்து, ஆயிரம் மீட்டருக்கு மேல் நீளமான நீர்ச்சுரங்கத்தை நடுவில் சந்திக்க வைத்தார். ரோம் நகரமோ, தோன்றியதாக மரபு சொல்லும் ஆண்டிலிருந்து 441 ஆண்டுகள் வரை டைபர் ஆற்றையும் கிணறுகளையும் உள்ளூர் ஊற்றுகளையும் நம்பியே இருந்தது. இதை எழுதிவைத்தவர் கி.பி. 97-இல் பேரரசன் நெர்வாவால் நகரின் நீர்வழங்கல் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட செக்ஸ்டஸ் ஜூலியஸ் ஃபிரான்டினஸ். நமக்குத் தெரிந்த விவரங்களில் பாதிக்கு மேல் அவர் எழுதிய கையேட்டிலிருந்துதான் வருகின்றன. முதல் கால்வாய்க்கு ஊற்றைத் தேடிக் கண்டவர் அதைக் கட்டிய அதிகாரி அப்பியஸ் அல்ல, அவருடைய சக அதிகாரியான பிளாட்டியஸ் என்பதையும் ஃபிரான்டினஸே சொல்கிறார். பதினெட்டு மாதப் பதவிக்காலம் முடிந்ததும் பிளாட்டியஸ் முறைப்படி விலகிவிட்டார். அப்பியஸோ ஏதேதோ சாக்குச் சொல்லிப் பதவியில் நீடித்து, சாலைக்கும் கால்வாய்க்கும் தன் பெயரையே வைத்துக்கொண்டார்.

இனி வேலைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன்னால் நல்ல நீர் வேண்டும், அதுவும் நகரத்தைவிட உயரமான இடத்தில் வேண்டும். கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றி எழுதிய விட்ரூவியஸ் ஊற்றுத் தேடும் முறையை விளக்குகிறார். சூரியன் உதிப்பதற்கு முன் தரையில் குப்புறப் படுத்து, மோவாயை மண்ணில் ஊன்றிக்கொண்டு பார்க்கவேண்டும். எங்கே ஈர ஆவி சுருண்டு எழுகிறதோ அங்கே தோண்டவேண்டும். கோரை, நாணல், நொச்சி இனச் செடி, ஆற்றலரி போன்றவை தானாக முளைத்திருக்கும் இடத்திலும் நீர் இருக்கும் என்கிறார். தரத்தை அறிய அவர் சொல்லும் சோதனைகள் இன்னும் சுவையானவை. அந்த ஊற்று நீரைக் குடித்து வளர்ந்த மக்களின் உடல்வாகும் நிறமும் எப்படி, கால்கள் நேராக இருக்கின்றனவா, கண்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். நல்ல வெண்கலப் பாத்திரத்தில் நீரைத் தெளித்தால் கறை படியக்கூடாது. கொதிக்கவைத்து வடித்தால் அடியில் மணலோ சேறோ நிற்கக்கூடாது. பருப்பு வகைகள் அதில் சீக்கிரம் வேகவேண்டும். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாமல் அவதிப்பட்ட எவருக்கும் இந்தக் கடைசிச் சோதனையின் அருமை புரியும்.

எல்லா ஊற்றும் ஒரே தரமல்ல என்பதையும் அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். மார்சியாவின் நீர் குளிர்ச்சிக்கும் தெளிவுக்கும் பேர்போனது. அனியோ ஆற்றிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட கால்வாய்களோ மழை பெய்தால் கலங்கிவிடும். பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் கட்டிய அல்சியெட்டினா ஓர் ஏரியிலிருந்து வந்த, குடிக்கத் தகாத நீர். கடற்போர்க் கேளிக்கைக்கென்று வெட்டிய செயற்கைக் குளத்தை நிரப்பவும் தோட்டங்களுக்குப் பாய்ச்சவும்தான் அது பயன்பட்டது. ஃபிரான்டினஸ் பொறுப்பேற்றபோது நல்ல நீரையும் கலங்கல் நீரையும் வழியிலேயே ஒன்றாகக் கலந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அவற்றைப் பிரித்து, பழைய அனியோ என்ற கால்வாயின் நீரைத் தோட்டங்களுக்கும் அழுக்கான வேலைகளுக்கும் ஒதுக்கினார்.

ஊற்று கிடைத்தபின் வருவது மட்டம் பார்க்கும் வேலை. வாட்டம் அதிகமானால் நீர் வேகமாக ஓடிப் பூச்சை அரித்துவிடும், நகரத்தை அடைவதற்குள் உயரமும் வீணாகும். வாட்டம் குறைந்தால் ஓட்டம் மந்தமாகி வண்டல் தங்கும். இன்றைய பிரான்சில் உள்ள நீம் நகரத்துக்குக் கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டிய கால்வாயைப் பாருங்கள். ஊற்றுக்கும் நகரத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். ஆனால் கால்வாய் மலைகளைச் சுற்றி வளைந்து சுமார் 50 கிலோமீட்டர் பயணம் செய்தது. இந்த 50 கிலோமீட்டருக்கும் சேர்த்து மொத்த இறக்கம் 12, 13 மீட்டர் அளவுதான். அதாவது சராசரியாக நூறு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர். வீட்டுக் குளியலறைத் தரைக்கு வாட்டம் வைக்கும் கொத்தனார்கூட இதைவிடப் பல மடங்கு சரிவு கொடுப்பார். அதுவும் எல்லா இடத்திலும் சமமாக இல்லை. இந்தக் கால்வாயைச் சுமக்கும் புகழ்பெற்ற போன் து கார் பாலத்துக்கு முன்பே வாட்டத்தைக் கூட்டி, கால்வாயை வேண்டுமென்றே கொஞ்சம் கீழே இறக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்திராவிட்டால் ஏற்கெனவே 49 மீட்டர் உயரமுள்ள பாலத்தை இன்னும் உயரமாகக் கட்டவேண்டி வந்திருக்கும். பாலத்தில் மிச்சம் பிடித்ததற்கு விலையாக, அதற்குப் பிந்தைய நெடுந்தூரத்தில் கிடைத்த வாட்டம் மயிரிழை அளவுக்குச் சுருங்கியது. அந்தக் கணக்கைப் போட்டவர் யார் என்பதற்கு எந்தக் கல்வெட்டும் இல்லை.

இதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவி கோரோபேட்ஸ் எனப்படும் இருபது அடி நீள மரப்பலகை. இரு முனையிலும் கால்கள் இருக்கும், கால்களோடு சேர்ந்த குறுக்குக் கட்டைகளில் செங்குத்துக் கோடுகள் கீறியிருக்கும், மேலிருந்து தூக்குக்குண்டுகள் தொங்கும். நூல் கோட்டின் மேல் சரியாகப் படிந்தால் பலகை மட்டம். காற்றடித்து நூல் ஆடினால் பலகையின் மேற்பரப்பில் வெட்டியுள்ள பள்ளத்தில் நீர் ஊற்றி, அது இரு ஓரங்களையும் சமமாகத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். நம்முடைய ரசமட்டமும் டியூப் லெவலும் செய்யும் அதே வேலை. ஒரு தடவை மட்டம் பார்ப்பது பெரிய காரியமல்ல. ஐம்பது கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கான தடவை எடுத்துவைத்துப் பார்க்கும்போது ஒவ்வொன்றிலும் வரும் சிறு பிழைகள் ஒன்றுசேராமல் காப்பதுதான் கடினம். முன்னும் பின்னுமாக மறுபடி மறுபடி அளந்து, பிழைகளை ஒன்றோடொன்று கழித்துத்தான் அதைச் சாதிக்க முடியும்.

சில இடங்களில் சாதிக்க முடியவில்லை என்பதற்கும் கல்லில் பொறித்த சாட்சி இருக்கிறது. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள பெஜாயா அன்று சால்டே என்ற துறைமுக நகரம். அதன் நீர்க்கால்வாய்க்காக ஒரு மலையை இரு பக்கமிருந்தும் குடைய, மூன்றாம் அகஸ்டா படைப்பிரிவின் மட்ட அளவையாளர் நோனியஸ் டாட்டஸ் திட்டம் வரைந்து கொடுத்துவிட்டுப் போனார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வேலை தவறிப்போய்விட்டது, உடனே அவரை அனுப்பிவையுங்கள் என்று மாகாண ஆளுநரிடமிருந்து படைத்தளபதிக்குக் கடிதம் வந்தது. வரும் வழியில் கொள்ளைக்காரர்கள் அவரைத் தாக்கி, துணியைக்கூட உருவிக்கொண்டு விட்டார்கள். காயத்தோடு தப்பிப் போய்ச் சேர்ந்தவர் அளந்து பார்த்தால், இரு பக்கமும் தோண்டிய நீளத்தைக் கூட்டினால் அது மலையின் அகலத்தையே மிஞ்சியிருந்தது. இரண்டு குழுவும் தத்தம் வலப்பக்கமாக விலகிப்போய், ஒன்றையொன்று சந்திக்காமலே கடந்துவிட்டிருந்தன. ஊர்க்காரர்கள் வேலையைக் கைவிடும் நிலையில் இருந்தார்கள். அவர் கடற்படை வீரர்களையும் மலைப்படை வீரர்களையும் ஒவ்வொரு பக்கம் இறக்கி, போட்டி வைத்து, சுரங்கத்தைச் சந்திக்க வைத்தார். பிறகு இந்தக் கதை முழுவதையும், தன் மேல் பழியில்லை என்பதற்கான கடித நகல்களோடு, கல்லில் வெட்டி வைத்தார். கல்வெட்டின் தலைப்பில் பொறுமை, துணிவு, நம்பிக்கை என்ற மூன்று சொற்கள் இருக்கின்றன. உலகில் ஒப்பந்த வேலை பார்க்கும் பொறியாளர்கள் எல்லாருக்கும் பழக்கமான குரல் அது.

நிலத்தடிக் கால்வாய் என்றால் குழாய் என்று நினைத்துவிடக்கூடாது. பெரிய கால்வாய்களில் ஓர் ஆள் உள்ளே இறங்கி, நின்றோ குனிந்தோ நடக்கும் அளவுக்கு உயரம் இருக்கும். அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரை அகலம். நீர் அதில் ஒரு பகுதி உயரத்துக்குத்தான் ஓடும், மற்ற இடம் ஆள் இறங்கிச் சுத்தம் செய்வதற்கு. குறிப்பிட்ட இடைவெளியில் மேலிருந்து இறங்குவதற்கான கிணறு போன்ற துளைகள் இருக்கும். சுரங்கம் வெட்டும்போது மண்ணை வெளியே எடுக்கவும் இவைதான் வழி. உட்புறச் சுவரிலும் அடித்தளத்திலும் சுண்ணாம்போடு இடித்த ஓட்டுத்தூளும் செங்கல் தூளும் கலந்த காரை பூசுவார்கள், நம் ஊர்ப் பழைய அணைகளிலும் கோயில் குளங்களிலும் காணும் சுர்க்கிக் காரை வகைதான். வெறும் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்துவிடும். சுட்ட மண்ணின் தூள் கலந்தால் அது நீருக்குள்ளேயே இறுகும். சுவரும் தரையும் சேரும் மூலையில் கால்வட்டமாக ஒரு திண்டு வைத்துப் பூசுவார்கள். விரிசல் முதலில் விடுவது அந்த மூலையில்தான், அழுக்கு தங்குவதும் அங்கேதான்.

பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் இரண்டு வழிகள். ஒன்று தொட்டிப்பாலம். போன் து கார் மூன்று அடுக்கு வளைவுகள் கொண்டது. கீழிரண்டு அடுக்குகளில் ஆறு டன் வரை எடையுள்ள கற்களைக் காரையே இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். சாரம் தாங்குவதற்காக வெளியே நீட்டிவிட்ட கற்கள் இன்னும் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கின்றன, வேலை முடிந்தபின் செதுக்கி விடவில்லை. பராமரிப்புக்கு மறுபடி சாரம் கட்ட வேண்டியிருக்கும் என்ற எண்ணமாகவும் இருக்கலாம். அழகுக்காகக் கட்டிய கட்டடம் இல்லை அது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மற்றொரு வழி கவிழ்ந்த சைஃபன். பள்ளத்தின் ஒரு கரையில் நீரைத் தொட்டியில் வாங்கி, ஈயக்குழாய்கள் வழியாகக் கீழே இறக்கி, எதிர்க்கரையில் சற்றே தாழ்வான தொட்டிக்கு ஏற்றுவது. இரண்டு முனையின் உயரம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நடுவில் எவ்வளவு ஆழம் இருந்தாலும் நீர் ஏறிவிடும், குழாய் அழுத்தத்தைத் தாங்கவேண்டும், அவ்வளவுதான். ரோமானியர்களுக்கு இது தெரியாது, அதனால்தான் பாலம் கட்டினார்கள் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. பிரான்சின் லியோன் நகருக்குச் சுமார் 85 கிலோமீட்டர் ஓடிவந்த ஜியே கால்வாயில் மட்டும் நான்கு சைஃபன்கள் இருந்தன. போனான் என்னுமிடத்தில் உள்ளது 2.6 கிலோமீட்டர் நீளம், 120 மீட்டருக்கு மேல் ஆழம். அடிப்பகுதியில் குழாயின் மேல் பன்னிரண்டு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் இருந்திருக்கும். ஒரே பெரிய குழாய் அதைத் தாங்காது என்பதால் பல சிறு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்தார்கள். இதற்கு ஆயிரக்கணக்கான டன் ஈயம் தேவைப்பட்டது. ஈயத்தைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து, தகடாக வார்த்து, வளைத்து, ஒவ்வொரு இணைப்பையும் பற்றவைக்க வேண்டும். கல்லோ அருகிலேயே கிடைக்கும். ஆகவே ஐம்பது மீட்டர் அளவுக்குள் ஆழம் என்றால் பாலம், அதற்கு மேல் போனால் சைஃபன் என்பது கிட்டத்தட்ட ஒரு செலவுக் கணக்குதான்.

தண்ணீர் நகரின் உயரமான ஓரத்தை அடைந்ததும் காஸ்டெல்லும் என்ற பகிர்வுத் தொட்டியில் விழும். நீம் நகரில் ஒன்று இன்னும் இருக்கிறது: பாறையில் வெட்டிய வட்டமான தொட்டி, அதன் சுவரில் சுமார் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள பத்துத் துளைகள், ஒவ்வொன்றும் ஒரு பகுதிக்கான குழாய். எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரில் வெசுவியஸ் வாசல் அருகில் உள்ள தொட்டியில் நீர் மூன்று கிளையாகப் பிரிந்தது. தெருவோரத் தொட்டிகளுக்கு ஒரு வழி, குளிப்பகங்களுக்கு ஒரு வழி, தனியார் வீடுகளுக்கு ஒரு வழி என்று பிரிக்கவேண்டும், நீர் குறைந்தால் பொதுமக்களின் பங்கு கடைசியாகக் குறையும்படி அமைக்கவேண்டும் என்று விட்ரூவியஸ் எழுதியிருக்கிறார். பாம்பெயின் மூன்று கிளைகள் சரியாக அந்தப் பாகுபாட்டைப் பின்பற்றினவா என்பதில் அகழாய்வாளர்களுக்குள் உடன்பாடு இல்லை. அவை நகரின் மூன்று பகுதிகளுக்குப் போனவை என்ற கருத்தே இப்போது வலுவாக இருக்கிறது.

பாம்பெய் ஒரு சரிவில் உள்ள ஊர். மேலே திறந்துவிட்ட நீர் கீழ்த்தெருக்களில் குழாயை உடைக்கும் அழுத்தத்தோடு வரும். அதற்காக நகருக்குள் ஆங்காங்கே சுமார் ஆறு மீட்டர் உயரத் தூண்கள் கட்டி, மேலே ஈயத்தொட்டி வைத்தார்கள். நீர் ஒரு குழாயில் மேலேறி, தொட்டியில் விழுந்து அழுத்தம் அடங்கி, வேறு குழாயில் இறங்கிச் செல்லும். நம் மேல்நிலைத் தொட்டி அழுத்தம் கொடுப்பதற்கு, அவர்களுடையது பெரும்பாலும் அழுத்தத்தை முறிப்பதற்கு. ஊரில் நாற்பதுக்கும் மேற்பட்ட தெருத்தொட்டிகள் இருந்தன, பெரும்பாலான வீடுகளிலிருந்து ஐம்பது மீட்டர் நடந்தால் ஒன்றை அடையலாம். நான்கு எரிமலைக் கற்பலகைகளை இரும்புப் பிடிகளால் இணைத்த சதுரத் தொட்டி, ஒரு பக்கம் முகம் செதுக்கிய கல், அதன் வாயிலிருந்து நீர் கொட்டும். அந்தக் கல்லின் இரு பக்கமும் விளிம்பு வழவழப்பாகக் குழிந்திருக்கிறது. குனிந்து குடிக்க வந்தவர்கள் கையை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம். சாதாரண மக்கள் இங்கிருந்துதான் குடத்தில் பிடித்துச் சென்றார்கள். ரோமின் பலமாடிக் குடியிருப்புகளில் மேல்தளங்களுக்குக் குழாய் கிடையாது, தண்ணீர் படியேறித் தலையிலோ தோளிலோதான் போகவேண்டும்.

வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் ஈயம், சில இடங்களில் சுடுமண் அல்லது மரம். ஈயத்தகட்டைப் பத்தடி நீளத்துக்கு வார்த்து, ஓர் உருளையைச் சுற்றி வளைத்து, மேலே பற்றவைப்பார்கள். அதனால் குழாயின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் துளி வடிவில் இருக்கும். ரோம் வீழ்ந்ததற்கு இந்த ஈயமே காரணம் என்ற கதை அடிக்கடி கிளம்புகிறது. ஈயத்தின் தீமை அவர்களுக்கே தெரியும்: ஈயம் உருக்குகிற தொழிலாளிகள் உடல் வெளிறிப்போவதைச் சுட்டி, சுடுமண் குழாயே நல்லது என்று விட்ரூவியஸ் எழுதினார். ரோமின் துறைமுகப் படிவுகளை வைத்து 2014-இல் வெளியான ஆய்வொன்று, நகரக் குழாய்நீரில் ஊற்றுநீரைப்போல் நூறு மடங்கு வரை ஈயம் இருந்திருக்கலாம் என்றும், ஆனாலும் அது பெருந்தீங்கு விளைவிக்கும் அளவல்ல என்றும் சொன்னது. நீர் தேங்காமல் ஓடிக்கொண்டே இருந்ததும், சுண்ணாம்புச் சத்து குழாயின் உள்ளே ஓடாகப் படிந்ததும் இதற்கு உதவின. திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி உணவில் இனிப்புக்குச் சேர்த்தார்களே, அதில் உடலில் ஏறிய ஈயம்தான் கவலைக்குரியது.

நீர் ஓடிக்கொண்டே இருந்தது என்பது முக்கியமான செய்தி. வெண்கலத் திருகு வால்வுகள் வீடுகளில் இருந்தாலும், மலையிலிருந்து வரும் கால்வாயை இரவில் மூடிவைக்க முடியாது. தெருத்தொட்டிகள் இரவும் பகலும் நிரம்பி வழிந்தன, அந்த வழிநீர் தெருவையும் சாக்கடையையும் கழுவிச் சென்றது. அதுகூட வீணல்ல, திட்டமிட்ட பயன். பழைய சட்டத்தில், வழியும் நீரை மட்டும்தான் குளிப்பகக்காரர்களும் துணி வெளுப்பவர்களும் கட்டணம் கட்டி எடுக்கலாம் என்று இருந்தது. தொட்டியின் நேரடி நீர் ஊருக்கு உரியது.

இவற்றையெல்லாம் நடத்துவதற்கு நிர்வாகம் வேண்டும். அகஸ்டஸின் வலதுகரமான அக்ரிப்பா கி.மு. 33-இல் நகர அதிகாரியாக இருந்த ஒரே ஆண்டில் 700 தெருத்தொட்டிகளும் 500 நீரூற்றுகளும் 130 பகிர்வுத் தொட்டிகளும் அமைத்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். கால்வாய்களைப் பராமரிக்க அவர் தமக்குச் சொந்தமான 240 அடிமைகளைக் கொண்ட குழுவை வைத்திருந்தார். அவர் இறந்ததும் அது அகஸ்டஸிடம் சென்று, பொதுச் சொத்தாயிற்று. பின்னர் பேரரசன் கிளாடியஸ் 460 பேர் கொண்ட மற்றொரு குழுவைச் சேர்த்தார். ஆக 700 பேர். தொட்டிக் காவலர், ஆய்வாளர், கல் பதிப்பவர், பூச்சு வேலைக்காரர் எல்லாரும் அதில் இருந்தனர். ஒரு பகுதியினர் நகருக்கு வெளியே கால்வாய் நெடுகவும், மற்றவர் நகருக்குள்ளும் இருக்கவேண்டும். அவர்களை மேலதிகாரிகள் தங்கள் சொந்த வேலைக்கு அழைத்துப்போய்விடுகிறார்கள் என்று ஃபிரான்டினஸ் குறைப்பட்டுக்கொள்கிறார். இந்த வரியைப் படிக்கும்போது இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி எனக்குத் தெரிவதில்லை.

தனியார் இணைப்பு என்பது பேரரசன் தரும் சலுகை. மனுப் போட்டு அனுமதி வாங்கினால், பகிர்வுத் தொட்டியின் சுவரில் காலிக்ஸ் எனப்படும் வெண்கல மூக்கு ஒன்றைப் பதிப்பார்கள். அதன் நீளம் பன்னிரண்டு விரற்கடைக்குக் குறையக்கூடாது, அளவு முத்திரை இருக்கவேண்டும். ஈயத்தைத் தட்டி விரித்துவிடலாம், வெண்கலத்தை அப்படிச் செய்யமுடியாது. அதற்கு அப்பால் ஐம்பதடி தூரம் வரை குழாயும் அதே விட்டத்தில் இருக்கவேண்டும். வீட்டை விற்றாலோ உரிமையாளர் இறந்தாலோ அனுமதி முடிந்துவிடும், புதியவர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இவ்வளவு விதிகள் இருந்தும் திருட்டு நடந்தது. நீர்த்துறை ஆட்களே தெருவுக்கு அடியில் செல்லும் குழாய்களைக் குத்தித் துளைபோட்டுக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் விற்றார்கள். புதிய உரிமையாளருக்கு இணைப்பு மாறும்போது தொட்டியில் புதுத்துளை போட்டு, பழைய துளையை அடைக்காமல் விட்டு, அதன் நீரைத் தமக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தத் திருட்டுக் குழாய்களைப் பிடுங்கியபோது கிடைத்த ஈயத்தின் அளவே கணிசம் என்கிறார் ஃபிரான்டினஸ்.

அவருடைய கணக்குப் பதிவேடுகள் இன்னும் விசித்திரமானவை. உள்ளே வருவதாகப் பதிவானது 12,755 குயினாரியா (நீரைக் கணக்கிட ரோமானியர் பயன்படுத்திய அலகு), வெளியே கொடுத்ததாகப் பதிவானது 14,018. வரவைவிடச் செலவு 1,263 அதிகம். அவர் ஊற்றுமுகங்களுக்கே சென்று அளந்தால், உண்மையான வரவு பதிவேட்டைவிட ஏறத்தாழ 10,000 கூடுதலாக வந்தது. கசிவும் திருட்டும் அதில் பெரும்பங்கு என்று அவர் முடிவுகட்டினார். ஆனால் இந்தக் கணக்கிலேயே ஒரு கோளாறு உண்டு. குயினாரியா என்பது குழாய் வாயின் பரப்பளவு மட்டும், நீரின் வேகம் அதில் இல்லை. ஒரே அளவுத் துளையில் அழுத்தம் கூடினால் அதிக நீர் வரும் என்பதை ஃபிரான்டினஸ் கவனித்திருக்கிறார், ஆனால் எண்ணில் சேர்க்க அவரிடம் முறை இல்லை. ஏறத்தாழ அதே காலத்தில் அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த ஹீரோ என்ற அறிஞர், பரப்பளவு போதாது, வேகமும் வேண்டும், குறித்த நேரத்தில் ஒரு தொட்டியில் சேரும் நீரை அளந்து பாருங்கள் என்று எழுதிவைத்திருந்தார். அந்த அறிவு ரோமின் நீர்த்துறை அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. குயினாரியாவைக் கன மீட்டராக மாற்ற முயன்ற நவீன ஆய்வாளர்களின் விடைகள் நாளொன்றுக்கு ஐந்து லட்சம் கன மீட்டரிலிருந்து பத்து லட்சம் வரை விரிந்து கிடப்பதற்கும் இதுவே காரணம்.

பராமரிப்பில் முதல் எதிரி சுண்ணாம்பு. மலை ஊற்றுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருபவை. நீம் கால்வாயில் படிவு சில இடங்களில் அரை மீட்டர் வரை தடித்து, நீர்வழியில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. ஜெர்மனியின் கொலோன் நகருக்கு ஐஃபல் மலையிலிருந்து சுமார் 95 கிலோமீட்டர் வந்த கால்வாயில் படிந்த ஓட்டை, இடைக்காலத்துச் சிற்பிகள் பெயர்த்து, மெருகேற்றி, தேவாலயங்களில் பளிங்குக்குப் பதிலாகத் தூண்களும் பலகைகளும் செய்தார்கள். அடுத்த எதிரி மர வேர். அதனால் ஊற்றுகளையும் வளைவுகளையும் சுற்றி இரு பக்கமும் பதினைந்து அடி, நிலத்தடிக் கால்வாய்க்கு ஐந்தடி இடம் விடவேண்டும், அதில் மரமோ கட்டடமோ கூடாது, மீறினால் 10,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) அபராதம். கால்வாயையே சேதப்படுத்தினால் கி.மு. 9-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு லட்சம். லியோன் அருகே, இந்த இடத்தில் உழவோ விதைக்கவோ நடவோ கூடாது என்ற பேரரசன் ஹாட்ரியன் ஆணையின் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பழுதுபார்ப்பு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, கடும் வெயில் காலத்தை விட்டுவிட்டு நடக்கும். காரை இறுக மிதமான வெப்பம் வேண்டும், கோடையில் நீரை நிறுத்தினால் ஊர் தாங்காது. ஒரு சமயத்தில் ஒரு கால்வாயை மட்டுமே நிறுத்தலாம். வளைவுகளின் மேல் வேலை செய்யும்போது பழுதான பகுதியை ஒதுக்கி, ஈயத்தகடு பொதிந்த தற்காலிகத் தொட்டிக்கால்வாய் வழியே நீரைத் தாண்டவிட்டார்கள்.

இவ்வளவு பார்த்தும் எல்லாம் நிலைக்கவில்லை. கிளாடியஸ் கி.பி. 52-இல் முடித்த அக்வா கிளாடியா, பத்தாண்டு ஓடியபின் ஒன்பதாண்டு பாழாகிக் கிடந்ததாகக் கி.பி. 71-இல் அதைச் செப்பனிட்ட பேரரசன் வெஸ்பாசியனின் கல்வெட்டு சொல்கிறது. அடுத்த பத்தாண்டில் மகன் டைட்டஸ் மறுபடி பழுதுபார்த்து, அதற்குக் கீழேயே தன் கல்வெட்டையும் வைத்தான். இரண்டும் இன்று ரோமின் போர்ட்டா மஜ்ஜோரே வாசலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. முன்னவர் வேலையைக் குறை சொல்லிப் பெருமை தேடும் வழக்கத்தையும் கணக்கில் கொண்டு அவற்றைப் படிக்கவேண்டும்.

கி.பி. 537-இல் கோத் என்ற ஜெர்மானிய இனத்தின் மன்னன் விட்டிகிஸ் ரோமை முற்றுகையிட்டபோது எல்லாக் கால்வாய்களையும் உடைத்தான். ஜானிகுலம் குன்றில் கால்வாய் நீரால் சுழன்ற மாவு ஆலைகள் நின்றன. நகரைக் காத்த தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் இரு படகுகளுக்கு இடையே சக்கரம் கட்டி மிதக்கும் ஆலைகள் அமைத்து ரொட்டிக்கு வழிசெய்தான். கால்வாய் வழியே எதிரி நுழையாதபடி வாய்களைக் கல் வைத்து அடைத்தும்விட்டான். அவன் எண்ணியபடியே ஓர் இரவு கோத்துகள் தீப்பந்தத்தோடு வறண்ட கால்வாய்க்குள் புகுந்து, அடைப்பு வரை வந்து திரும்பினார்கள். தரையோரப் பிளவில் ஒளி தெரிந்ததைக் காவல்காரன் சொன்னதற்கு, ஓநாயின் கண்ணாயிருக்கும் என்றார்களாம் உடனிருந்தவர்கள். அவர்கள் புகுந்தது அக்ரிப்பா கி.மு. 19-இல் கட்டிய அக்வா விர்கோ என்று கருதப்படுகிறது. பெரும்பாலும் நிலத்தடியில் சென்றதால் மற்றவற்றைப் போல அது முழுவதும் அழியவில்லை. இடைக்காலத்திலும் அவ்வப்போது ஒழுகிக்கொண்டிருந்த அதை 1453-இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் செப்பனிட்டார், 1762-இல் முடிந்த ட்ரெவி நீரூற்றுக்கு நீர் தந்ததும் அதே கால்வாய்தான்.